ரோதைமுனியின் விளக்கு

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்றைக்குப் பனிமூட்டம் நான் சொல்கிற அளவுக்கு இருக்கவில்லை என்கிறாள் என் மனைவி வேலாயி. அவள் லொறியின் பின்புறத்தில் தார்பாய்ப் படங்குக்கு அடியில் படுத்திருந்தவள். எதைப் பார்த்தாய் என்று கேட்டால், "ஏன், பனி எறங்குனா மூக்குக்குத் தெரியாதா?" என்பாள். எனக்கோ அந்த வெள்ளையைத் தவிர வேறு நிறமே நினைவில் இல்லை. ஆண்டு எழுபத்து நான்கு, மார்கழி பிறந்திருந்தது. அவ்வளவுதான் இருவருக்கும் பொது. லொறி எத்தனை தடவை நின்றது, எந்த வளைவில் நின்றது, யார் முதலில் வாயைத் திறந்தார் என்பதெல்லாம் எங்களுக்கு வேறு வேறாகத்தான் நினைவிருக்கிறது. பயந்துபோனவன் ஒன்றை மிகப் பெரிதாகப் பார்ப்பான். பக்கத்தில் இருந்த இன்னொன்றைப் பார்த்திருக்கவே மாட்டான். இதிலும் அப்படி விடுபட்டவை இருக்கும்.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியனாக இருந்தேன். தோட்டத்துக்கு ஒரே ஒரு லொறி. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வாங்கிய பெற்றோல் லொறி. தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ரயில் நிலையத்துக்குக் கொண்டு போகும். வரும்போது மாவும் உரமும் ஏற்றி வரும். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுதான். வேறு வாகனம் தோட்டத்தில் கிடையாது.

அதை ஓட்டியவர் தம்பையா. நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் லொறிக் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து நான் வாசித்துக்கொண்டிருப்பேன். அவர் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு மத்தியானம் முழுவதும் ஒரு சொல்லும் இல்லாமல் கழியும். அந்த மாதிரி மௌனம் எனக்கு வேறு யாரோடும் வாய்த்ததில்லை.

லொறிக்கு வருத்தம், நோய்தான், வந்தது ஐப்பசி மழையோடு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், விளக்கை ஊதி அணைத்ததுபோல நின்றுவிடும். இருமல், திணறல் ஒன்றும் இருக்காது. சும்மா நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோலத் திரும்பவும் கிளம்பும். ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை நிற்கும்.

நிற்பது மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த லொறியின் பிரேக்குக்கு என்ஜின் ஓடும் வரைக்கும்தான் பலம். என்ஜின் நின்ற பிறகு ஒரு தரமோ இரண்டு தரமோ பிடிக்கும். அதற்குமேல் மிதி கல்லாகிவிடும். இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தாலும் வண்டி தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். கைப்பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது, பேருக்கு. ஆகவே முன் ஆசனத்தில் இருப்பவர் காலடியில் முக்கோணக் கட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டும். என்ஜின் நின்ற மறுகணம் குதித்து ஓடி அதைச் சக்கரத்துக்குக் கீழே கொடுக்க வேண்டும்.

இதை நான் தெரிந்துகொண்டது கார்த்திகையில், பாடசாலைக்குச் சுண்ணக்கட்டியும் கொப்பிகளும் எடுக்கப் பசறைக்குப் போனபோது. ஏற்றமான ஒரு வளைவில் என்ஜின் நின்றது. திடீரென்று மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது.

"கட்டை! மாஸ்டர், கட்டை!" என்று தம்பையா கத்தினார்.

குதித்தேன். சேற்றில் முழங்கால் குத்தி விழுந்தேன். சக்கரம் என்னை நோக்கி மெதுவாக, அவசரமே இல்லாமல் உருண்டு வந்தது. கட்டையை எப்படி வைத்தேன் என்று தெரியாது. லொறி நின்ற இடத்துக்குப் பின்னால் பாதை இரண்டு முழம் இருந்திருக்கும். அதற்கப்பால் தேயிலைச் செடிகளின் தலைகள், அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே, ஒரு சிறிய சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அது ரோதைமுனியின் விளக்கு. ரோதை என்றால் சக்கரம். தேயிலைத் தொழிற்சாலைகளில் சக்கரங்களுக்கும் பட்டிகளுக்கும் காவல் அந்த முனிதான். கோபக்காரச் சாமி, தீட்டோடு யாரும், முக்கியமாகப் பெண்கள், கிட்டப் போகக்கூடாது. அந்த வருடம் ஆயுத பூசையன்று, லொறிக்கும் ரோதை இருக்கிறதே என்று, தம்பையா ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே ஓர் இரும்புச் சூலத்தையும் பல்பையும் வைத்து, டாஷ்போர்டில் நான்கு திருகாணிகளால் பொருத்தியிருந்தார். சாவியைத் திருப்பினால் விளக்கு எரியும். "சாவி போட்டாத்தான் சாமி கண்ணு தெறக்கும்" என்று எல்லாரிடமும் காட்டுவார். தினமும் காலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அன்றைக்கே லொறியைப் பசறையில் ஹுமைத் நானாவிடம் கொண்டுபோனோம். சந்தைக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை அவருடையது. கிடைத்த பழைய உதிரிப்பாகங்களை வைத்துச் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் வண்டிகளை எல்லாம் ஓட வைத்துக்கொண்டிருந்தவர். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது.

"என்ன தம்பையா, மாலையெல்லாம் போட்டு மாப்பிள்ளைய கூட்டிட்டு வந்தீக்கிறீங்க?"

"மாப்பிள்ளை வழியில நின்னுக்கிறாரு நானா. அடம் புடிக்கிறாரு."

ஹுமைத் நானா பெட்டரி முனைகளைச் சுரண்டினார். தீப்பொறி உண்டாக்கும் கொயிலை மாற்றிப் பார்த்தார். சுவிட்சைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஒவ்வொரு வயரையும் இழுத்தார், ஆட்டினார். என்ஜினை ஓடவிட்டு லொறியைக் காலால் உதைத்தார். அது நிற்கவே இல்லை.

"பாருங்க மாஸ்டர், என்னைக் கண்டா இதுக்கு ஒரு வருத்தமும் இல்ல. மாமி வந்த நேரத்தில மருமகள் ஈக்கிற மாதிரி, அப்பிடி ஒரு ஒழுக்கம்."

"உங்களுக்குப் பயப்படுது" என்றார் தம்பையா. "எனக்குத்தான் பயப்பட மாட்டேங்குது."

"வருத்தம் வாற நேரத்தில நான் பக்கத்தில ஈக்கோணும். வந்துட்டுப் போன பொறவு நாடி பிடிச்சு என்ன செய்ய?" ஹுமைத் நானாவின் பார்வை மரப்பெட்டியில் நின்றது. "இதுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்த?"

"சுவிட்சுல இருந்துதாங்க. நானேதான் இழுத்தேன். வண்டி நின்னாக்கூட இது அணையாது நானா. ஒரு நாளும் அணைஞ்சதில்ல."

"அப்ப சுவிட்ச் வரைக்கும் கரண்ட் சரி." அவர் கை பெட்டியை நோக்கி நீண்டது, பாதியில் நின்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அது உங்கட சாமான். நான் அதில கை வெக்கிறது சரியில்ல" என்று சொல்லிவிட்டு, என்ஜின் மூடியைத் திரும்பவும் தூக்கினார்.

அதன் பிறகு என் நாட்கள் லொறியின் சத்தத்தில் கழிந்தன. வேலாயிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. பிற்பகலில் லொறி லுணுகலையிலிருந்து ஏறிவரும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு வளைவிலும் அது மறைந்து திரும்பவும் கேட்க வேண்டும். மறைந்தது கேட்கக் கொஞ்சம் தாமதித்தால் என் வாயில் இருக்கும் சோறு இறங்காது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் இருப்பேன்.

"லொறிக்குத்தான் பிரசவம்போல இருக்கு" என்றாள் வேலாயி ஒரு நாள். "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. இராக்கம்மா அக்கா பாக்காத புள்ளையா? இந்தத் தோட்டத்துல பாதி அது கையில விழுந்ததுதான்."

முன்கூட்டியே பதுளைக்குப் போய்விடலாம் என்றேன். அங்கே யார் வீட்டில் போய் உட்காருவது என்று கேட்டாள். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. தம்பையாவோ காலையில் மட்டும் தெளித்த மஞ்சள் தண்ணீரை மாலையிலும் தெளிக்கத் தொடங்கியிருந்தார். லொறி நிற்க நிற்க, பெட்டிக்கு முன்னால் அவர் நிற்கும் நேரமும் நீண்டது. தொழிற்சாலை ஆட்கள் ஒதுங்கிப் பேசிக்கொண்டார்கள்: முனிக்கு ஏதோ குறை.

அந்த நாள் விடிந்தபோதே மழை. பெரட்டில் பேர் பதிந்து பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிய பிறகுதான் வேலாயிக்கு நோவு பிடித்தது. இராக்கம்மா அக்கா வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். உள்ளே என் மனைவியின் குரல் ஏறும், ஓயும், ஏறும். அந்த ஓய்வுகள்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தன. நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்பு இராக்கம்மா அக்கா வெளியே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

"மாஸ்டரய்யா, தலை வரல. கை வந்திருக்கு."

"கையா?"

"புள்ள குறுக்க கெடக்கு. நான் தொட்டா ரெண்டு உசுரும் போயிரும். கத்தி வச்சுத்தான் எடுக்கணும். பதுளைக்குக் கொண்டு போங்க. இப்பவே."

மழையில் பஸ் ஓடவில்லை. தோட்ட அலுவலகமான கந்தோரில் தொலைபேசி இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. நான் லொறிக் கொட்டகைக்கு ஓடினேன். தம்பையா என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.  சாக்குகளையும் மெத்தையையும் பின்னால் விரித்தோம், படங்கை இழுத்துக் கட்டினோம். வேலாயியைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். இராக்கம்மா அக்கா அவளோடு ஏறிக்கொண்டார். நான் முன்னால் ஏறிக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். தம்பையா பெட்டியின் முன் கைகூப்பி, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரையும் அப்படியே ஊற்றினார். சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை நின்றது. நல்லவேளையாக அது மண் திட்டின் பக்கம். தம்பையா வண்டியைத் திட்டோடு உராயவிட்டு நிறுத்தினார். பின்னாலிருந்து வேலாயி அலறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பவும் கிளம்பியது. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் பழகியிருந்த அந்தப் பழைய மௌனம் அல்ல இது. வாயைத் திறந்தால் என்ஜினுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல இருந்தோம்.

பசறையில் வாடகைக் கார்க்காரர் வெளியூர் போயிருந்தார். ஹுமைத் நானா பட்டறை வாசலிலேயே நின்றிருந்தார். பின்னால் எட்டிப் பார்த்தவர், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யா அல்லாஹ். ஏன் இறங்கி நிக்கிறீங்க? வாங்க, நானும் வாரேன்."

அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு சிறு பல்பில் நீளமான வயரை இணைத்து, அதன் மறுமுனையை என்ஜினுக்குள் கொயிலோடு கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பல்பைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். அது வெள்ளையாக எரிந்தது. "கொயிலுக்குக் கரண்ட் போற வரைக்கும் இது எரியும். இந்த முறை வருத்தம் வந்தா நான் இங்கனயே ஈக்கேன்."

பசறையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் பனி இறங்கியது. முதலில் எதிரே இருந்த மலை போயிற்று. பிறகு பாதையோர மரங்கள். பிறகு லொறியின் மூக்கு. தம்பையா ஹோனை அடித்துக்கொண்டே, நடக்கும் வேகத்தில் ஓட்டினார். பின்னால் வேலாயியின் குரல் இப்போது அலறலாக இல்லை. மாடு முனகுவதுபோல, தாழ்ந்து, ஒரே சீராக வந்தது. அதையும் என்ஜினையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டில் எது முதலில் நிற்கும் என்று என் மனம் கேட்டது. அந்தக் கேள்வியை நான் விரட்டினேன், அது போகவில்லை.

ஒரு கொண்டையூசி வளைவில் என்ஜின் நின்றது.

குதித்தேன். பின்சக்கரம் எங்கே என்றே தெரியவில்லை. கையால் தடவிக்கொண்டு போனேன். தார் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. கட்டையைக் கொடுத்தேன். அது நசுங்கிக் கிறீச்சிட்டது. ஒரு கல்லைப் புரட்டி அதற்குப் பின்னால் வைத்தேன். லொறி நின்றது. படங்குக்குள்ளிருந்து இராக்கம்மா அக்காவின் குரல் வந்தது: "யாருய்யா அது? என்ன ஆச்சு? ஏன் நிக்கிது?"

முன்னால் வந்தபோது ஹுமைத் நானா அசையாமல் இருந்தார். அவர் முழங்காலில் இருந்த பல்பு அணைந்திருந்தது. பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தம்பையா, திருப்புங்க."

தம்பையா ஸ்டார்ட் பண்ணினார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும். பிடிக்கவில்லை. எப்போதும் கொஞ்ச நேரத்தில் மனம் மாறிக் கிளம்பும் அந்த லொறி இந்தத் தடவை கிளம்பவில்லை. பத்துத் தரம் முயன்றிருப்பார். பெட்டரியின் சத்தம் சோர்ந்துகொண்டு வந்தது.

"போதும், விடுங்க. பெட்டரியும் செத்துப்போகும்." ஹுமைத் நானா மெதுவாகப் பேசினார். "பாருங்க. உங்கட விளக்கு எரியிது. என்ட விளக்கு எரிய இல்ல. ரெண்டுக்கும் கரண்ட் ஒரே சுவிட்சிலதான் வருது. அப்ப வருத்தம் ரெண்டுக்கும் நடுவில ஈக்கி. கொயிலுக்குப் போற வயரை எங்க வெட்டி இந்த விளக்குக்குச் சேர்த்த?"

 தம்பையாவின் கண்கள் பெட்டியை விட்டு நகரவில்லை.

"பெட்டிக்குப் பின்னாலதானே?"

"ஆமாங்க."

"அதைக் கழட்டோணும்."

"சாமியவா? இந்த நேரத்துலயா?" தம்பையாவின் குரல் உடைந்தது. "உள்ள ஒரு பொம்பள உசுருக்குப் போராடுது. இப்பப் போயி ரோதைமுனிய எடம் பேர்க்கச் சொல்றீங்களே நானா. நான் மாட்டேன். நீங்களே கழட்டுங்க."

"நான் கை வெச்சி, அந்தப் புள்ளைக்கு ஒண்டு ஆச்சிண்டா? துலுக்கன் தொட்டதாலதான் எண்டு சொல்ல மாட்டாங்களா? நீங்க சொல்ல மாட்டீங்க. ஊரு சொல்லும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தவன். சாமி இல்லை என்று கோவிலுக்கு வெளியே செருப்போடு நின்று பேசியவன். இந்தப் பெட்டியையும் ஒரு பலகையாகவே பார்த்து வந்தவன். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. இதை எடுத்த பிறகு பின்னாலிருந்து அந்த முனகல் நின்றுபோனால் என்ற நினைப்பு என் தோளைப் பிடித்து அழுத்தியது. மூன்று ஆண்கள், பனிக்குள், ஒரு சிறிய மரப்பெட்டிக்கு முன்னால் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. 

இறங்கிப் பின்னால் போனேன். படங்கை விலக்கி நடந்ததைச் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்றுகூட யோசிக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஐயோ, முனிய அசைக்காதீங்க" என்றார் இராக்கம்மா அக்கா. அவர் கைகள் முழங்கை வரை இரத்தமாக இருந்தன. "நான் தொடவும் முடியாது. தீட்டுக் கை."

வேலாயி கண்ணைத் திறந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. "அத எடுத்து எங்கிட்டக் குடுங்க."

"அடியே! உங்கிட்டயா? பெத்தெடுக்குற தீட்டுலயா?"

"ரோதைக்குத்தானே அது சாமி? ரோதை ஓடணும்னா எறங்கி வரட்டும்." ஒரு நோவு வந்து அவளை வில்லாக வளைத்தது. அது போகும்வரை பல்லைக் கடித்திருந்துவிட்டு, முன்பக்கம் கேட்கும்படி கத்தினாள்: "தம்பையாண்ணே! கழட்டுங்கண்ணே! கோவம் வந்தா எம்மேல வரட்டும்! நான் மடியில வச்சுக்கிறேன்!"

நான் முன்னால் வந்தபோது தம்பையா அழுதுகொண்டிருந்தார். ஹுமைத் நானா திருப்புளியை நீட்டினார், பிடி தம்பையா பக்கம் இருக்கும்படி. தம்பையா ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். ஒவ்வொன்றையும் கழற்றும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். நான் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேலாயி பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கின் வயரை ஹுமைத் நானா வெட்டினார். சிவப்பு அணைந்தது. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அது நனைந்து கனத்திருந்தது. கொண்டுபோய் வேலாயியின் மடியில் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இராக்கம்மா அக்கா மூலைக்கு ஒதுங்கிப் போய் லொறியின் பக்கப் பலகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

பெட்டி இருந்த இடத்தில் வயர்கள் மூன்று ஒன்றாக முறுக்கிக் கட்டியிருந்தன. கட்டியிருந்தது மஞ்சள் நூலால். பூசை நூல். நூல் ஊறிப் பருத்து, அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹுமைத் நானா கத்தி முனையால் நூலை விலக்கினார். உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. விளக்குக்குப் போன வயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொயிலுக்குப் போன வயரில் நாலைந்து இழைகள்தான் மிச்சம். விரல் பட்டதும் அவையும் பொடியாக உதிர்ந்தன.

"டேப் கிடைக்க இல்லையா?"

"எங்கங்க கெடைக்கும்? அரிசியே கெடைக்கல. மஞ்ச நூலு கட்டுனா நல்லதுன்னு..."

"தண்ணி?"

தம்பையா வயர்ப் பக்கம் குனிந்தார். காலையிலும் மாலையிலும் தான் ஊற்றியது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை; வெளியே பனியைப் பார்த்தேன். ஹுமைத் நானாவும் மேலே எதுவும் கேட்கவில்லை. "சரி, அந்த ரப்பரைத் தாங்க" என்று மட்டும் சொன்னார்.

வயரைச் செம்பு மின்னும்வரை சுரண்டினார். இறுக்கி முறுக்கினார். சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர் பட்டியைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். அவர் முழங்காலில் இருந்த பல்பு எரிந்தது. இரண்டாவது தடவையில் என்ஜின் பிடித்தது.

பதுளை வரை லொறி நிற்கவில்லை. ஆனால் பயம் குறையவில்லை. சரியாகிவிட்டது என்று ஹுமைத் நானா ஒரு தடவையும் சொல்லவில்லை. கண் எடுக்காமல் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பாதையைப் பார்க்கவில்லை, பல்பைத்தான் பார்த்தேன்.  முன்னால் எரிந்த சிவப்பு விளக்கு இல்லாத அந்த இடத்தைத் தம்பையா ஒரு தரமும் பார்க்கவில்லை. கீழே பதுளையின் கூரைகள் பனிக்குள்ளிருந்து தெரிந்தபோது பின்னால் சத்தமே இல்லை. "அக்கா!" என்று கத்தினேன். பதில் வரவில்லை. திரும்பவும் கத்தினேன்.

"இருக்காய்யா, இருக்கா" என்றார் இராக்கம்மா அக்கா. "ஓட்டச் சொல்லு."

ஆஸ்பத்திரி வாசலில் வேலாயியைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். பெட்டியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரிக்க வேண்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு வாசலோர வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். தம்பையா லொறியை விட்டு இறங்கவில்லை. ஹுமைத் நானா தொழுதுவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.  யாரோ நடந்து வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தோம். பொழுது சாயும் நேரத்தில் இராக்கம்மா அக்கா வந்தார். கையைக் கழுவியிருந்தார்.

"பொட்டப்புள்ள. கத்துது. அவளும் கண்ணு முழிச்சிட்டா."

ஹுமைத் நானா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். நான் லொறிக்குப் போய்த் தம்பையாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். 

தீட்டுக் கழிந்த பிறகு தம்பையா எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கேட்டு வாங்கிப்போனார். தொழிற்சாலையில் முனியின் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். லொறியில் திரும்பப் பொருத்தவில்லை.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார். கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கேயே இறந்துபோனார். இராக்கம்மா அக்கா தோட்டத்திலேயே இறந்தார். ஹுமைத் நானா பட்டறையை மகன் புவாதிடம் கொடுத்துவிட்டு, கண் பார்வை மங்கிய பிறகும் பல வருடம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரும் இப்போது இல்லை. லொறியை எடைக்கு விற்றார்கள். வேலாயிக்கு அதன் பிறகு பிள்ளை இல்லை. மகள் பண்டாரவளைத் தபாற் கந்தோரில் வேலை செய்கிறாள். அவளுக்கு இரண்டு பையன்கள். நானும் வேலாயியும் பசறையில் இருக்கிறோம்.